தவணை தப்பிய கடன்: கரிசல் காட்டு விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியவை

இளையரசனேந்தல் பிர்காவில் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்குப் பெரும்பாலும் வருடத்தில் ஒரு தடவைதான் கையில் பணம் புரளும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மல்லி என்று வளர்த்து, தை மாசியில் களத்துக்குக் கொண்டுவருகிறார். மழை சற்றுப் பிந்தினாலும் கதை மாறிவிடும். காய் பிடிக்கும் நேரத்தில் அடைமழை கொட்டினாலும் அப்படித்தான். விதை, உரம், உழவுக் கூலி ஆகியவற்றுக்கு வாங்கிய கடனோ விளைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. இந்த வாரம், கெடு தாண்டிய கடனைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் கெடுத் தேதி. கடன் வாங்கிய தேதியை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கட்ட வேண்டிய தேதியைக் கேட்டால் பலர், "மாசி பங்குனி வாக்கில் கட்டணும்" என்பார்கள். இது போதாது. பயிர்க்கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது. பயிருக்குத் தக்கபடி கெடு மாறும். சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் எந்தத் தேதி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் செயலாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த ஒரு தேதிக்கு ரொக்க மதிப்பு உண்டு. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு வட்டி கிடையாது. அந்த வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. கெடு தாண்டினால் இந்தச் சலுகை போய்விடும். மூன்று ஏக்கருக்கு ரூ. 60,000 வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கெடுவுக்குள் கட்டினால் கட்ட வேண்டியது ரூ. 60,000 மட்டும். தாண்டிவிட்டால், கடன் வாங்கிய நாளிலிருந்து 7 சதவீதக் கணக்கில் ஓராண்டுக்கு ரூ. 4,200 சேர்ந்துவிடும். கெடு முடிந்த நாளிலிருந்து சங்க விதிப்படி கூடுதல் வட்டியும் அபராத வட்டியும் தனி. ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மூடை உளுந்து போன மாதிரிதான்.

வணிக வங்கியில் கிசான் கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு சற்று வேறு. அங்கே 7 சதவீத வட்டியில், காலத்தில் கட்டினால் மத்திய அரசின் 3 சதவீத ஊக்கத்தொகை கழிந்து 4 சதவீதம்தான் விழும். கெடு தப்பினால் அந்த 3 சதவீதம் கிடைக்காது.

கைமாற்று வாங்கிக் கட்டலாமா?

இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். கெடு நெருங்குகிறது, விளைச்சல் இன்னும் விற்கவில்லை, அல்லது விலை இறங்கிக் கிடக்கிறது. ஊரில் ஒருவரிடம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கிச் சங்கத்தில் கட்டிவிட்டு, மறுபடியும் சங்கத்தில் புதுக் கடன் எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. "புதுப்பித்தல்" என்று இதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

இது முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ரூ. 60,000-க்கு 3 ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ. 1,800. பத்து நாளில் திருப்பினாலும் ஒரு மாத வட்டியை வாங்கிக்கொள்வார்கள். அப்படியே வைத்தாலும் ரூ. 1,800 கொடுத்து ரூ. 4,200 மிச்சப்படுத்துகிறோம், புதுக் கடனுக்கும் தகுதி நிற்கிறது. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: சங்கம் உடனே புதுக் கடன் கொடுக்க வேண்டும். சங்கத்தில் அப்போது நிதி இல்லை, மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து ஒப்புதல் வரவில்லை, சிட்டா அடங்கலில் ஒரு குறை என்று இரண்டு மாதம் தள்ளிப் போனால், ரூ. 3,600 வட்டியோடு மிச்சம் என்று நினைத்தது கரைகிறது. மூன்றாவது மாதம் நட்டம் தொடங்குகிறது. வருடம் முழுக்க நின்றால் ரூ. 21,600, மூன்று வருடம் ஆவதற்குள் வட்டியே அசலைத் தாண்டிவிடும். சங்கத்து 7 சதவீதத்துக்குப் பயந்து 36 சதவீதத்தில் போய் விழுந்த கதை அது.

ஆகவே கைமாற்று வாங்குவதற்கு முன்பு சங்கத்துக்குப் போய், "கட்டினால் எத்தனை நாளில் புதுக் கடன் கிடைக்கும்? என்னென்ன காகிதம் வேண்டும்?" என்று கேளுங்கள். காகிதங்கள் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகே வெளியில் கை நீட்டுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால், ரூ. 4,200 போனாலும் பரவாயில்லை என்று சங்கத்திலேயே பாக்கியாக இருப்பது மேல். இது பலருக்கு விசித்திரமாகப் படும். பாக்கி வைப்பது மானக்கேடு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வெளி வட்டிக்கு நிலத்தை இழப்பது அதைவிடப் பெரிய கேடு அல்லவா?

கையில் பாதிப் பணம் இருந்தால் அதைக் கட்டிவிடுங்கள். முழுவதும் சேரட்டும் என்று வீட்டில் வைத்திருந்தால் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ அதைத் தின்றுவிடும். கட்டும்போது ரசீதில் அசலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

விளைச்சல் பொய்த்தால்

கெடு தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் விவசாயியின் அலட்சியம் அல்ல, வானம்தான். 2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் படைப்புழு புகுந்து குருத்தைத் தின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழை நின்ற பயிரைச் சாய்த்துவிட்டது. இப்படிப்பட்ட காலங்களில் கடனைத் திருத்தி அமைக்க விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2018-ல் தொகுத்து வெளியிட்ட விதிகளின்படி, இயற்கைச் சீற்றத்தால் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால் கெடுவை நீட்டலாம். சேதம் 33-லிருந்து 50 சதவீதம் வரை என்றால், ஓராண்டு தவணை விலக்கையும் சேர்த்து இரண்டு ஆண்டு வரை; 50 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரை. கூட்டுறவில் இதை "மத்திய காலக் கடனாக மாற்றுதல்" என்பார்கள். மாற்றிவிட்டால் அந்தக் கணக்கு பாக்கிக் கணக்கு ஆகாது. அடுத்த பயிருக்குப் புதுக் கடனும் கேட்கலாம். இந்த விதிகளில் அவ்வப்போது திருத்தம் வருவதுண்டு. இப்போது நடப்பில் இருப்பது எது என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது தானாக வீடு தேடி வராது. சேதம் எவ்வளவு என்று அரசு அறிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையினரும் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் சர்வே எண்ணும் பயிரும் சரியாக ஏறியிருக்க வேண்டும். அடங்கலில் "தரிசு" என்று இருந்தால், காட்டில் அழுகி நிற்கும் மக்காச்சோளத்தைக் காட்டிப் பயனில்லை. சேதமான சில நாட்களுக்குள் ஒரு மனு எழுதிச் சங்கத்துக்கோ வங்கிக்கோ கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இளையரசனேந்தல்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இந்தப் பிர்கா 2008-ல் கோவில்பட்டி வட்டத்தோடு, அதாவது தூத்துக்குடி மாவட்டத்தோடு, வருவாய்த் துறைக்காகச் சேர்க்கப்பட்டது. ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே நீடித்தன. அந்த ஒன்றியம் 2019-ல் பிரிந்த தென்காசி மாவட்டத்துக்குப் போயிற்று. ஒரே ஊருக்கு இரண்டு மாவட்டம் என்றால் அலைச்சலைக் கேட்கவும் வேண்டுமா! கடன், காப்பீடு, சேத நிவாரணம் ஆகியவை பட்டா, அடங்கலைப் பார்த்து நடப்பவை. எனவே படிவங்களில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் எல்லாம் வருவாய்க் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் பழக்கத்தில் பழைய மாவட்டத்தைப் போட்டுவிட்டால், பிரிமியம் கட்டியும் இழப்பீடு வராமல் போகலாம். ரசீதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

காப்பீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவத்து உணவுப் பயிருக்கும் பயறுக்கும் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 சதவீதம். 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை. நம் மானாவாரிக் காட்டுக்கு இதை விடலாகாது என்பது என் கருத்து. ஆனால் இழப்பீடு பெரும்பாலும் கெடு முடிந்த பிறகே வருகிறது. அதை நம்பிக் கடனைக் கட்டாமல் இருந்துவிடக் கூடாது.

வங்கிக் கணக்கில் பாக்கி விழுந்தால்

மற்றக் கடன்களில் 90 நாள் தவணை தப்பினால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். பயிர்க்கடனுக்கு அப்படி இல்லை. உளுந்து, சோளம் போன்ற குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி நின்ற பிறகே வாராக்கடன் ஆகும். ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும் நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். ஆகையால் கெடு தப்பிய மறுமாதமே "உங்கள் கணக்கு வாராக்கடன்" என்று யாராவது மிரட்டினால், எந்த விதிப்படி என்று கேளுங்கள்.

ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு; அதிகம் பேருக்குத் தெரியாதது. அவர்களுடைய குறுகிய காலக் கடனில் மொத்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்று வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. ரூ. 40,000 வாங்கியவரிடம் பல வருடம் கழித்து வட்டி மட்டும் ரூ. 50,000 என்று கணக்குக் காட்டினால் அது விதிக்குப் புறம்பு. கணக்கு விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். வங்கி செவிசாய்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றிப் புகார் அனுப்பலாம். கூட்டுறவுச் சங்கம் என்றால் மண்டல இணைப் பதிவாளரிடம்.

இது நம் முன்னோருக்குப் புதிதல்ல. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1938-ல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில், அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டி முடித்தவருடைய கடன் தீர்ந்தது என்று வைத்தார்கள்.

நோட்டீசும் ஜப்தியும்

தபால்காரர் கொண்டுவரும் நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புவது ஒரு பழக்கம். அதனால் ஒரு லாபமும் இல்லை. வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு ஆகிவிடும். கூட்டுறவுச் சங்கத்துப் பாக்கி 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-வது பிரிவுப்படி விசாரணைக்கு வரும். அந்தத் தேதிக்குப் போய், பயிர் சேதமான விவரத்தையும் இதுவரை கட்டிய ரசீதுகளையும் காட்டித் தவணை கேளுங்கள். வங்கிக் கடன் என்றால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே முடிவானதற்கு மேல்முறையீடும் இல்லை என்பதால், கட்ட முடிந்த தொகையை மட்டுமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடன் பாக்கிக்காக எதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: விவசாயியின் பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவிகள், மாடுகள், விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு. அந்தக் கடனுக்கே அடமானம் எழுதிக் கொடுத்த வீடாக இருந்தால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. நிலத்தைப் பொறுத்தவரை, நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதற்காக அடமான நிலத்தை யாரும் தொட முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. வழக்குப் போட்டு டிக்ரி வாங்கினால் ஏலம் வரும். சிறையைப் பற்றிய பயமும் பலருக்கு இருக்கிறது. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்ட வசதி இல்லாத ஏழ்மைக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் வைக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுபவருக்கு இது பொருந்தாது.

இந்த உரிமைகளைப் பற்றிப் பேசும்போது நம் வட்டாரத்து வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. 1970-களில் கடன் பாக்கிக்காக வீட்டுச் சாமான்களையும் மாடுகளையும் பிடித்துக்கொண்டு போவதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் தமிழக விவசாயிகள் சங்கம் போராடியது. 1980-ல் குறிஞ்சாக்குளத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். நாயுடு அவர்கள் 1984 டிசம்பர் 21 அன்று கோவில்பட்டியில்தான் காலமானார்.

ஜாமீன் போட்டவரை மறந்துவிடக் கூடாது. கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று அவர் சொல்ல முடியாது. கெடு தப்பப் போகிறது என்று தெரிந்தால் அண்ணன், மச்சான் யாராக இருந்தாலும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் மூலம் அவர் தெரிந்துகொண்டால் உறவு முறிந்துவிடும்.

நகையும் நோட்டும்

நகை அடகில் கெடு தப்பினால் நடவடிக்கை வேகமாக வரும். ஏலத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். விலாசமும் கைபேசி எண்ணும் மாறியிருந்தால் உடனே தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் வெளியிட்ட விதிப்படி, ஏல ஆரம்ப விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் போணியாகாவிட்டால் 85 சதவீதம். கடன் போக மிஞ்சும் தொகையை ஏழு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். பலர் ஏலத்தோடு எல்லாம் போயிற்று என்று அந்தப் பக்கமே போவதில்லை. மிச்சம் உங்களுடையது; கேட்டு வாங்குங்கள்.

வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் நுண்கடன்களில் வாரத் தவணை தப்பினால் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வதாகக் கேள்விப்படுகிறோம். 2022-ஆம் ஆண்டு விதிப்படி காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டவோ ஏசவோ கூடாது.

தனியாரிடம் நோட்டு எழுதுபவர்கள் வெற்று நோட்டிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்து, கைநாட்டு வைக்கவே கூடாது. கட்டிய பணத்தை நோட்டின் பின்புறம் தேதியோடு வரவு வைக்கச் செய்யுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவை 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ. 30,000 வரை அபராதமும் உண்டு. சட்டம் வந்து பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையானது. புகார் மனுவை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. கொடுத்த தேதி, வாங்கிய தொகை, கட்டிய தொகை எல்லாம் எழுதி, மனு ரசீது வாங்க வேண்டும். காவல் நிலையத்தில் நடவடிக்கை இல்லையென்றால் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மனதில் பாரம் தாங்காதவர்கள் 104 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம்; வீட்டில் உள்ளவர்களிடம் கடனை மறைக்காமல் இருப்பது அதைவிட முதலில் செய்ய வேண்டியது.

தள்ளுபடி வருமா?

டீக்கடையில் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. கூட்டுறவுக் கடன் 2006-ல் தள்ளுபடி ஆயிற்று. 2008-ல் மத்திய அரசின் தள்ளுபடி வந்தது. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். 2021-ல் சுமார் 16.43 லட்சம் விவசாயிகளுக்கு ரூ. 12,110 கோடி. இத்தனை முறை வந்த பிறகு எதிர்பார்ப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2008-ல் அறிவித்தது பிப்ரவரி 29-ஆம் தேதி. தகுதி பெற்றதோ 2007 மார்ச் 31 வரை வாங்கி, 2007 டிசம்பர் 31-ல் பாக்கியாக நின்ற கடன். தேதி முடிந்த பிறகுதான் அறிவிப்பு வருகிறது. எந்தத் தேதிக்கு யார் உள்ளே, யார் வெளியே என்று முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. 2021-ல் கெடு தாண்டாத நடப்புக் கடனும் தள்ளுபடியில் சேர்ந்தது. வேண்டுமென்றே பாக்கி வைத்தவருக்குத் தனி ஆதாயம் எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, எதிர்பார்த்துக் காத்திருந்த வருடங்களில் சங்கக் கடன் கிடைக்காமல் அவர் வெளியில் கொடுத்த வட்டியை எந்த அரசும் தள்ளுபடி செய்வதில்லை.

சங்கத்துக்குப் போகும்போது பாஸ் புத்தகம், இதுவரை கட்டிய ரசீதுகள், நடப்புப் பசலியின் அடங்கல், காப்பீட்டு ரசீது, ஆதார் நகல் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மனு கொடுத்தால் இரண்டு பிரதி. செயலாளர் முத்திரை போட மறுத்தால், அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பாஸ் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.